மாமாவை வெட்டியெடுத்த கடற்கரை

எழுதத் தெரிந்தவர்கள் எழுதும் இடத்தில் நான் வந்து உட்கார்ந்திருப்பதை முதலில் பொறுத்துக்கொள்ளுங்கள். ஊரில் நாலாம் வகுப்பு வரை தமிழில் படித்தேன். மிச்சத்தை இங்கே டெனிஷில் படித்து, ஒன்பதாம் வகுப்போடு நிறுத்திவிட்டேன். இக்காஸ்ட் என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். அங்கே நான் எழுதுவதெல்லாம் யார் மருந்து எடுத்தார், யார் சாப்பிடவில்லை என்பது மட்டும்தான். விழாக்களில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னால் கழிவறைப் பக்கம் போய்விடுகிற ஆள் நான். ஆனால் போன மாதம் என் மகள் ஒரு வசனம் சொன்னாள். அன்றிலிருந்து இது உள்ளே கிடந்து அரிக்கிறது. பிழைகள் இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

எனக்கு அப்போது பதினொரு வயது. நாங்கள் இந்த ஊருக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்பாவுக்குத் துணித் தொழிற்சாலையில் காலை ஷிப்ட். அம்மாவுக்கு டெனிஷில் மூன்று சொற்கள் தெரியும்: நன்றி, பால், பொலிஸ். அம்மாவின் தம்பியான மாமா அந்த வருடம்தான் வந்து சேர்ந்தார். அவருடைய அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. அகதி முகாமில் இருந்தார். அனுமதி வாங்கிக்கொண்டு இடைக்கிடை எங்களிடம் வந்து நிற்பார்.

மாமா கதை சொல்லத் தொடங்கினால் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வருவார். ஊர்க் கதை அல்ல. ஊர்க் கதை என்றால் எங்கள் வீட்டில் எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள். மாமா சொன்னது மலேசியாவின் கிழக்குக் கரையில் இருக்கும் திரெங்கானு என்ற இடத்தைப் பற்றி. ஐரோப்பாவுக்கு அனுப்புவதாகக் காசு வாங்கிய ஏஜென்சிக்காரன் அவரை அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டு, இன்றைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று பதினான்கு மாதம் இழுத்தடித்திருக்கிறான். மாமா வடமராட்சிக் கரையில் பிறந்தவர். மரத்தையும் கடலையும் தெரிந்தவர். ஆற்றின் நடுவிலே ஒரு தீவு, அந்தத் தீவில் மலாய்க்காரர்களின் படகுப் பட்டறை, அங்கே அவருக்கு வேலை.

"படம் கீறிப் பாத்துக் கட்டமாட்டாங்கள், பிள்ளை. எல்லாம் தலைக்குள்ளதான். இரும்பு ஆணி ஒண்டும் இல்லை, மர ஆணிதான். எங்கட ஆக்கள் பாத்தால் வாயைப் பிளப்பினம்."

மீன்பிடிப் படகின் முன்பக்கத்தில் கொக்கின் தலையைச் செதுக்கிச் சிவப்பும் மஞ்சளும் பூசுவார்களாம். மீனைச் சவ்வரிசி மாவோடு பிசைந்து உருட்டி அவித்துத் தெருவில் விற்பார்களாம். ஆற்றங்கரையில் கண்டெடுத்த ஒரு பழைய கல்லில், அறபு எழுத்தில் மலாய் மொழியில் அந்த நாட்டுச் சட்டம் வெட்டியிருக்கிறதாம். தோல் நிழற்பாவைக் கூத்திலே ராமரும் சீதையும் மலாயில் கதைப்பார்களாம். "சீதை அழுறது மட்டும் தமிழ் மாதிரித்தான் கேட்டுது" என்று மாமா சொன்னபோது அம்மா சிரித்துப் புரையேறினார். அவர்களின் பட்டத்துக்குக் கீழே பிறை வடிவம் இருக்கும். மேலே கட்டிய வில் காற்றில் கூவும், எங்கள் ஊர் விண் பட்டம் போலவே. எல்லாவற்றையும் விட ஆமைதான். ஒரு கட்டிலளவு ஆமை கரைக்கு ஏறி, குழி தோண்டி, முட்டையிடும்போது அழுமாம். மாமா பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தாராம்.

அந்த வசந்த காலத்தில் பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் பாடம் எதுவும் இல்லை. ஒவ்வொருவரும் தூர தேசத்து இடம் ஒன்றைப் பற்றிப் பெரிய அட்டையில் எழுதிப் படம் ஒட்ட வேண்டும். எங்கள் ஆசிரியை இங்கர். (ஆசிரியையைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஊர் இது. அப்பா கடைசிவரை அவரை 'ரீச்சர் அம்மா' என்றுதான் சொன்னார்.) இங்கர் ஒரே ஒரு விதி வைத்தார். பயண நிறுவனங்களின் புத்தகங்களிலிருந்து வெட்டி ஒட்டக்கூடாது. தெரிந்த ஒரு ஆளிடம் கேட்டு எழுத வேண்டும்.

நான் இலங்கையைத்தான் எடுப்பேன் என்று வகுப்பு முழுவதும் நினைத்தது. இலங்கை என்றால் குண்டைப் பற்றிக் கேட்பார்கள். எனக்கு ஆமை போதும். மாமாவிடம் கேட்டுக் கேட்டு எழுதினேன். எதற்கென்று சொல்லவில்லை, முடித்த பிறகு காட்டி ஆச்சரியப்படுத்த நினைத்தேன். அவருடைய பையில் ஒரு உறைக்குள் மூன்று புகைப்படங்கள் இருந்தன. பட்டறைக்காரரின் மகன் எடுத்தவை. கொக்குத் தலைப் படகோடு மாமா, பட்டத்தோடு மாமா, ஆமைக்குப் பக்கத்தில் குந்தியிருக்கும் மாமா. மூன்றையும் எடுத்துப் போய் அட்டையில் அழுத்தி ஒட்டினேன். எல்லாவற்றுக்கும் மேலே, தடித்த சிவப்புப் பேனையால் டெனிஷில் இப்படி எழுதினேன்: 'என் மாமா இங்கே பதினான்கு மாதம் வாழ்ந்தார்.'

புதன்கிழமை பின்னேரம் மாமா பையைக் கவிழ்த்துக் கொட்டித் தேடிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை அவருக்குப் பொலிசின் இரண்டாவது விசாரணை. அதற்கு முன் அந்த உறையை ஒழித்துவிட வேண்டும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். எனக்கு அதெல்லாம் தெரியாது.

"படம் பள்ளிக்கூடத்தில மாமா. சுவரில ஒட்டியிருக்கு. நாளைக்கு எல்லாரும் வந்து பாப்பினம்" என்றேன், பெருமையாக.

அப்பா தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தார். மாமா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"ஆரடி உன்னை எடுக்கச் சொன்னது?" என்று அம்மா கேட்டார்.

"ஆர் ஆர் வருவினம்?" இது அப்பா.

"எல்லாற்ற அம்மா அப்பாவும். பிறகு பொலிஸ்காரரும்."

உண்மையில் அந்தப் பொலிஸ்காரர் வெள்ளிக்கிழமை எங்களுக்குச் சைக்கிள் சோதனை வைக்க வருபவர். வியாழக்கிழமை முற்றத்தில் கோடு போட்டுக் கூம்புகளை வைத்துவிட்டு, அப்படியே எங்கள் அட்டைகளையும் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். இதைச் சொன்னேன். அப்பாவுக்கு அது காதில் ஏறவில்லை.

"பொலிஸ் எண்டால் பொலிஸ்தான். கூம்பு வைச்சாலென்ன, துவக்கு வைச்சாலென்ன."

பிறகு அப்பா என்னை முன்னால் நிறுத்தி, என் வயதுக்கு எவ்வளவு போதுமோ அவ்வளவு சொன்னார். மாமா கொழும்பிலிருந்து நேரே வந்ததாகப் பொலிசில் சொல்லியிருக்கிறார். நடுவில் ஒரு நாட்டில் இவ்வளவு நாள் இருந்தது தெரிந்தால், அங்கேயே போ என்று திருப்பி அனுப்புவார்கள். அங்கிருந்து ஊருக்கு அனுப்புவார்கள். ஆமை இருக்கும் இடத்துக்கு அனுப்பினால் நல்லதுதானே என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. மாமா கொட்டிய சாமான்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டிருந்தார்.

காலையில் அப்பா ஆறு மணி ஷிப்டுக்குப் போக வேண்டும். அம்மாவின் மூன்று சொற்களை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. மாமா அந்தப் பக்கமே தலைகாட்டக்கூடாது. மிச்சம் நான்தான்.

"ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லக்கூடாது. கழட்டிக்கொண்டு வா" என்றார் அப்பா.

மற்றப் பிள்ளைகள் வருவதற்கு அரை மணிக்கு முன் போய்விட்டேன். வகுப்பறைச் சுவரில் என் அட்டை இல்லை. பள்ளிக்கூட வாசலுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படும் இடத்தில் இங்கர் அதை மாட்டியிருந்தார். நல்ல அட்டை என்பதால்தான். கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு ஏறினேன். நகத்தால் கிளப்பிப் பார்த்தேன், படங்கள் அசையவில்லை. வீட்டில் இருந்த பசை எல்லாவற்றிலும் வலுவானதைத் தேடி எடுத்தவள் நான்தானே. இழுத்தபோது பட்டத்தின் மூலை கிழிந்தது. எனக்கு அழுகை வந்தது. கத்தரிக்கோலின் கூரான நுனியை அட்டைக்குள் குத்தி, மாமாவைச் சுற்றி வெட்டத் தொடங்கினேன். படகு நின்றது, மாமா வந்தார். பட்டம் நின்றது, மாமா வந்தார். ஆமைக்குப் பக்கத்தில் வெட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது.

இங்கர். கையில் கோப்பிக் கோப்பை.

என்ன செய்கிறாய் என்று கேட்டார். வீட்டில் ஏதும் சொன்னார்களா என்று கேட்டார். கத்தரிக்கோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் அட்டையில் இருந்த ஓட்டைகளைப் பார்த்தார். மேலே சிவப்பு எழுத்தைப் பார்த்தார். அதை ஒருமுறைக்கு இரண்டுமுறை வாசித்தார் என்று இப்போது நினைக்கிறேன். பிறகு திரும்பி நடந்தார். தலைமை ஆசிரியரிடம் போகிறார், அவர் பொலிசைக் கூப்பிடுவார், மாமாவின் கதை முடிந்தது என்று நினைத்தபடி கதிரையிலேயே நின்றேன்.

அவர் ஒரு நீலத் தாளோடு திரும்பி வந்தார்.

"உன்னுடைய படத்தில் கடல் போதாது" என்றார்.

அந்தத் தாளை அலை அலையாக வெட்டி, சிவப்பு எழுத்தின் மேல் அவரே ஒட்டினார். ஒரு எழுத்தும் தெரியவில்லை. கடல் எப்படி மேலே வரும், வானமல்லவா வரும் என்று எனக்கு மனசுக்குள் கோபம். மிச்சத்தையும் வெட்டி முடித்து, மூன்று மாமாக்களையும் பென்சில் பெட்டிக்குள் போட்டு மூடினேன்.

பின்னேரம் அம்மா வந்தார். சேலைக்கு மேலே குளிர்கோட்டு. என் தோளைப் பிடித்தபடி அட்டைக்குப் பக்கத்தில் நின்றார். அந்தப் பிடி நாலு நாளைக்கு வலித்தது. பொலிஸ்காரர் உயரமானவர். தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அட்டையாகப் பார்த்து வந்தார். என்னுடையதில் நின்றார். குனிந்தார். ஆமைக்குப் பக்கத்தில், ஒரு ஆள் குந்தியிருக்கும் வடிவத்தில் இருந்த ஓட்டைக்குள் விரலை வைத்தார்.

"இங்கே யாரோ இருந்திருக்கிறாரே. யார் அது?"

நான் ஆமையைப் பார்த்தேன். என் தோளில் அம்மாவின் நகம் இறங்கியது. அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. ஆனால் விரல் எங்கே இருக்கிறது என்று விளங்கியது.

"யாரோ ஒரு சுற்றுலாப் பயணி" என்று பின்னாலிருந்து இங்கரின் குரல் வந்தது. "பயண நிறுவனத்துப் புத்தகத்திலிருந்து வெட்டி ஒட்டியிருக்கிறாள். செய்யக்கூடாது என்று சொல்லியிருந்தேன்."

எல்லோரும் கேட்கும்படி சொன்னார். என் வகுப்புப் பெடியன் ஒருவன் "கள்ளி!" என்று கத்தினான். இரண்டு பேர் சேர்ந்து சிரித்தார்கள். நான் வெட்டியது புத்தகத்திலிருந்து அல்ல, கேட்டுக் கேட்டு எழுதினேன், எனக்குத்தான் உண்மையான ஆள் இருந்தார் என்று கத்த வேண்டும் போலிருந்தது. அம்மாவின் கை என் தோளில் இருந்தது.

பொலிஸ்காரர் சிரித்தார். "இது என்னுடைய பிரிவுக்குள் வராத குற்றம்" என்றார். பிறகு, ஆமை உண்மையாகவே அழுமா என்று கேட்டார். அழும் என்றேன். அன்று முழுவதும் நான் சொன்னது அந்த ஒரு சொல்தான்.

வீட்டில் பென்சில் பெட்டியைத் திறந்து மூன்று துண்டுகளையும் மேசையில் வைத்தேன். மாமா அவற்றை வரிசையாக அடுக்கினார்.

"பார் மச்சான், மூண்டு பேராய் வந்திருக்கிறன். ஒருத்தனுக்காவது விசா தருவாங்கள்."

அப்பா சிரிக்கவில்லை. சிறிது நேரம் கழித்து மாமாவும் சிரிப்பை நிறுத்தினார். துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அடுத்த முறை வந்தபோது, மாமா, அந்த ஆமை என்று தொடங்கினேன்.

"எந்த ஆமை?" என்றார்.

கோடை முடியும்போது அவருக்கு அனுமதிக் கடிதம் வந்தது. இப்போது ஒடென்சே நகரத்தில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். போன மாதம் என் மகள் சிநேகிதிகளோடு மலேசியா போய்விட்டு வந்து, நாங்கள் அவரைப் பார்க்கப் போனபோது தன் கைத்தொலைபேசியில் படங்கள் காட்டினாள். கொக்குத் தலைப் படகும் இருந்தது. மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "நல்ல வடிவாயிருக்கு. எங்க பிள்ளை இது?" என்றார். அறையில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. எந்தப் பொலிசும் இல்லை. அவர் நடிக்கவில்லை என்றுதான் எனக்குப் பட்டது. பதினான்கு மாதத்தை நான் அட்டையிலிருந்துதான் வெட்டினேன். அவர் தனக்குள்ளிருந்து வெட்டியிருக்கிறார்.

திரும்பி வரும்போது காரில் மகளுக்கு இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். இத்தனை வருடமாக ஆறாத மனத்தாங்கலோடு, அந்த ஆசிரியை என்னை எல்லோர் முன்னாலும் கள்ளியாக்கியதையும் சொன்னேன். மகள் தொலைபேசியிலிருந்து தலை நிமிர்த்தாமல் டெனிஷில் சொன்னாள்: "அம்மா, அந்த ஆசிரியைக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது."

காரை ஓரமாக நிறுத்திவிட்டேன். பயண நிறுவனத்துப் புத்தகத்தில் பதினான்கு மாதம் என்று எழுதியிருக்காது. இங்கர் அந்த வரியை வாசித்தவர். பொலிஸ்காரரிடம் பொய் சொன்னது அவர். அந்தப் பொய்க்கு என்னுடைய நல்ல பெயரைத்தான் எடுத்தார், வேறு எதுவும் கைக்கெட்டவில்லை. அன்று வாசலில் அவர் 'நாளைக்குப் பார்ப்போம்' என்றபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். வருட முடிவுவரை அவரிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. அவர் இறந்து பல வருடம்.

அந்த வியாழனுக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை. மாமா காலை ரயிலில் முகாமுக்குப் போனார். பள்ளிக்கூடத்தில் சைக்கிள் சோதனை நடந்தது. நான் ஒரு பிழை விட்டேன்: இடப்பக்கம் திரும்பும்போது கை காட்ட மறந்துபோனேன்.