இரண்டு விரல் மண்

சண்டை ஓய்ந்து, கரேலியாவில் ஹெல்வியின் வீடு எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம், எதிரி நாட்டோடு போய்விட்டது. ஊரைக் காலி செய்யும்போது வண்டியில் எதை ஏற்றுவது, எதை விடுவது என்று அந்த செப்டம்பரில் வீட்டுக்கு வீடு ஒரே அடிதடி. ஹெல்வி ஏற்றியது ஒரு கோணி நிறைய வேரும் மண்ணும். வாசற்படி ஓரத்தில் நின்ற பியோனி என்ற பூச்செடி அது. மாமியார் உல்யானா கல்யாணமாகி வந்த வருஷம் நட்டது. தையல் மெஷினுக்கு இடம் வேண்டும் என்றான் புருஷன் வில்ஹோ. மெஷின் எங்கேயும் கிடைக்கும் என்று சொல்லிவிட்டாள். கிடைக்கவில்லை, அது வேறு கதை.

தங்க இடம் கொடுத்தவர்களின் தோட்டத்து மூலையில் இரண்டு குளிர்காலம் கிடந்தது அந்த வேர். பிறகு எல்லைக்கு இந்தப் பக்கம் சாவோ வட்டாரத்தில் இவர்களுக்கென்று நிலம் கொடுத்தார்கள். மறுபடி பேர்த்துக்கொண்டு வந்தாள். இந்தத் தடவை குழியை நன்றாக ஆழமாகவே வெட்டினாள். பனி தொடக்கூடாது, இனிமேல் யாரும் லேசில் பிடுங்கவும் கூடாது என்று, வேருக்கு மேல் ஒரு சாண் மண்ணைத் தள்ளி மிதித்து மூடினாள்.

ஒன்பது வருஷம் இலை வந்தது. பூ வரவில்லை. காப்பி குடிக்க வந்தவர்களிடமெல்லாம் அதன் சிவப்பையும் வாசனையையும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"ஹெல்வி, உன் செடி பூக்கறதெல்லாம் உன் வாயிலதான்" என்றாள் பக்கத்துப் பண்ணை லெம்பி. அவள் அந்த மண்ணிலேயே பிறந்தவள். தண்டு ஓரமாகக் கையை விட்டுப் பார்த்தாள். மணிக்கட்டு வரை போனது. இவ்வளவு ஆழம் ஆகாது, வேரில் தளிர் கிளம்பும் மொட்டுக்கண்ணுக்கு மேல் இரண்டு விரல் மண் போதும், தலையில் குளிர் இறங்கினால்தான் அது பூக்கும் என்றாள். எடுத்து மேலே நடச் சொன்னாள்.

ஹெல்வியின் முகம் இறுகிவிட்டது. "ரெண்டு தடவ வேரோட பேத்தாச்சு லெம்பி. மூணாவது தடவ என் கையால பேக்க மாட்டேன்."

அந்த வருஷம்தான் உல்யானா காப்பியைக் கோப்பைக்கு வெளியே ஊற்ற ஆரம்பித்தாள். பார்வை ஓரத்திலிருந்து இருண்டுகொண்டே வருகிறது, செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். கிழவி அழவில்லை. அந்தப் பூவை இன்னொரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்று மட்டும் சொன்னாள். பேர்த்து நட்டால் செடி மூன்று வருஷம் பூக்காமல் முறைத்துக்கொண்டு நிற்கும். கிழவியின் கண் அதுவரை காத்திருக்காது. பேர்க்காவிட்டால் பூக்கவே பூக்காது. ஹெல்வி கோடை முழுக்கச் செடியைத் தொடவே இல்லை.

செப்டம்பரில் ஒரு நாள் பால் கறந்துவிட்டு வந்தால், மாமியார் செடி அருகில் முட்டி போட்டுக் கஞ்சிக் கரண்டியால் மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"அத்தே, என்ன பண்றீங்க?"

"நீ செடிய மேல தூக்க மாட்டேங்கற. நான் மண்ணக் கீழ எறக்கறேன். உன் பேச்சும் போகல, லெம்பி பேச்சும் போகல பாரு."

ஹெல்வி வாளியைக் கீழே வைத்தாள். சிவப்பு மொட்டுக்கண்கள் தட்டுப்படும் வரை இருவரும் சேர்ந்து மண்ணை வழித்தார்கள். தண்ணீர் தேங்காமலிருக்கச் சரிவாக ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். கண்களுக்கு மேல் இரண்டு விரல் மண்ணை உதிர்த்துப் போட்டார்கள்.

அடுத்த கோடையில் பட்டாணி அளவு ஒரு மொட்டு வந்து, கறுத்துக் காய்ந்தது. அதற்கடுத்த வருஷம், நடுக்கோடைத் திருநாள் முடிந்து ஒரு வாரத்தில் மூன்று பூ விரிந்தது.

மாமியாரைக் கைபிடித்து அழைத்துவந்தாள். கிழவி மூக்கு இதழில் படக் குனிந்து, எறும்பைத் தட்டிவிட்டு, மிச்சமிருந்த பார்வையால் ஒவ்வொரு இதழாகப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இதேதான்" என்றாள். "ஆனா அங்க இம்புட்டுப் பெருசாப் பூக்காது. இதுல பாதிதான் இருக்கும்."

"பாதியா? யாரு சொன்னா? இதவிடப் பெருசு அத்தே அது."

"நட்டவ நான்டீ."

அன்றைக்கு மாடுகள் கத்தத் தொடங்கிய பிறகுதான் இருவருக்கும் பால் கறக்கும் நினைப்பே வந்தது.