ஒரு குறுவைக்கு மட்டும்

தஞ்சாவூரில் நான் வேலை பார்க்கும் கல்லூரியில் ஒரு முனைவர் பட்ட ஆய்வைப் பரிசீலிக்கும் குழுவில் இருந்தேன். ஆய்வாளர் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பெண், பாலிடெக்னிக் ஆசிரியை. அவருடைய விடுப்பு அந்த மாதத்தோடு முடிகிறது. குழு அன்று ஒப்புதல் தந்தால் ஆய்வேட்டை முடித்துவிடுவார். தராவிட்டால் வேலைக்குத் திரும்ப வேண்டும், ஆய்வு பாதியில் நிற்கும். இதை அவர் சொல்லவில்லை. அவருடைய நெறியாளர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நெல் கொள்முதலுக்கு விவசாயிகள் முன்பதிவு செய்யும் மென்பொருளுக்கு என்னென்ன தேவை, அதை எப்படிப் பாதுகாப்பது என்பது ஆய்வு. இதற்குமுன் வந்த கட்டுரைகளை மதிப்பிட்டு எழுதியிருந்த அத்தியாயத்தைப் பென்சிலோடு படித்திருந்தேன். கைபேசிக்கு வரும் ஓடிபியைப் பிறரிடம் சொல்வது பயனரின் கவனக்குறைவு என்றே பெரும்பாலான கட்டுரைகள் முடிவுகட்டின. ஒவ்வொன்றின் கீழும் அவர் ஒரே வாக்கியத்தை எழுதியிருந்தார்: ‘அந்தப் பயனர் யார் என்று இக்கட்டுரை கேட்கவில்லை.’

அவர் கேட்டிருந்தார். கூத்தாநல்லூரில் ஒரு குடும்பம். கணவர் வளைகுடாவில் இருக்க, சாகுபடியைக் கவனிப்பது மனைவி. நிலமும் கைபேசி எண்ணும் கணவர் பெயரில். மனைவி பதிவு செய்தால் ஓடிபி கடல் தாண்டிப் போகிறது. கணவர் வேலை முடிந்து பார்ப்பதற்குள் அது காலாவதியாகிவிடுகிறது. நெல் களத்தில் கிடக்கிறது. ஆகவே உரியவர் இன்னொருவருக்கு அனுமதி தர மென்பொருளிலேயே வழி வேண்டும் என்பது ஆய்வாளரின் வாதம்.

குழுவுக்குச் சென்னையிலிருந்து வந்திருந்த மென்பொருள் பாதுகாப்பு வல்லுநர் இதை ஏற்கவில்லை.

“பூட்டையும் போட்டுட்டு சாவியை ஊருக்கே குடுக்கச் சொல்றீங்கம்மா.”

என்னாலும் அதைத் தள்ளிவிட முடியவில்லை. வலங்கைமான் பக்கத்தில் குத்தகை வழக்குகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஒரு போகம் தன் பெயரில் பதிவானதைக் காட்டி நிலத்தையே கேட்டவர்கள் உண்டு. பதிவு இல்லாததால் காலங்காலமாக உழுத வயலிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களும் உண்டு. அனுமதி வாங்கியவர் நாளைக்கு நிலம் என்னுடையது என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஆய்வாளர் தன் ஆய்வேட்டின் பக்கங்களைப் புரட்டினார்.

அந்த நேரத்தில் வல்லுநரின் கைபேசி அடித்தது. அழைத்தது அவர் மனைவி. சென்னை வீட்டு வாசலில் எரிவாயு சிலிண்டர் கொண்டுவந்தவர் நிற்கிறாராம். வல்லுநர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் அந்தப் பக்கம் சரியாகக் கேட்கவில்லை போலும். தன் கைபேசிக்கு வந்திருந்த ஓடிபியை ஒவ்வோர் இலக்கமாக, உரக்க, இரண்டு தடவை சொன்னார். நெறியாளர் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சிலிண்டர் வந்துருச்சுங்களா சார்?” என்றார் நெறியாளர்.

“வந்துருச்சு. நீங்க சிரிச்சுக்குங்க, பரவால்ல.” வல்லுநர் ஆய்வாளரிடம் திரும்பினார். “ஏம்மா, இப்ப நான் செஞ்சது கவனக்குறைவா?”

“இல்லைங்க சார். வீட்ல இருக்கறவங்கதானே சிலிண்டரை வாங்கி வைக்க முடியும். அவங்களுக்கும் ஒரு வழி வச்சிருக்கணும்.” பிறகு என் பக்கம் பார்த்தார். “நீங்க கேட்டதுக்கும் அதாங்க சார். அனுமதி ஒரு குறுவைக்கு மட்டும், நெல்லைப் பதியறதுக்கு மட்டும். அடுத்த போகம் சம்பாவுக்கு மறுபடி குடுக்கணும். நடுவுல நிறுத்தவும் செய்யலாம். யாருக்காக யார் பதிஞ்சாங்கன்னு ரெண்டு பேரும் அதுல இருப்பாங்க.”

உரிமையாளர் பெயரைத் தொடாமல் உழைத்தவர் பெயரும் நிற்கிற அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது. வல்லுநர் அதோடு விடவில்லை. வியாபாரி ஒருவர் மிரட்டி அனுமதி வாங்கினால்? கணவன் மனைவிக்குள் சண்டை என்றால்? சிலவற்றுக்குப் பதில் வந்தது. சிலவற்றுக்கு, தெரியவில்லை, கேட்டுத்தான் எழுத வேண்டும் என்றார் ஆய்வாளர். அவற்றைத் தனி அத்தியாயமாகச் சேர்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வல்லுநர் முதலில் கையெழுத்திட்டார். நாங்களும் இட்டோம்.

ஆய்வாளர் நன்றி சொல்லிவிட்டு, மறுநாளே கூத்தாநல்லூர் போவதாகச் சொன்னார். அங்கே அறுவடை தொடங்கிவிட்டது. தானும் உடன் வந்தால் சாகுபடி பார்க்கும் அந்த அம்மா பேசுவாரா என்று வல்லுநர் தயக்கத்தோடு விசாரித்தார்.

“பேசுவாங்க சார். ஆனா களத்துக்குத்தான் வரணும். இந்த ஷூ ஆகாது.”

வல்லுநர் குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். அன்றிரவு சென்னை ரயிலில் எடுத்திருந்த டிக்கெட்டை ரத்து செய்வது எப்படி என்று என்னிடம் கேட்டார்.