ஞாயிறு பார்த்த கண்

எங்கள் பட்டறையில் வாரத்துக்கு ஏழு நாளும் ஞாயிறுதான். என் தங்கை புருஷனுக்கு அப்படிப் பெயர் வைத்துவிட்டார்கள். காலையில் சூரியனைக் கும்பிடாமல் பச்சைத் தண்ணீரைக்கூடப் பல்லில் படவிடமாட்டார். மேகம் மூடிக்கிடந்தால் விலகும்வரை மாடியிலேயே நிற்பார். வேலைக்கு வரப் பிந்திவிடும்.

"முதலாளி, திங்கக்கிழமை ஆயிடுச்சு, ஞாயிறு இன்னும் வரல!" என்று லேத்து மிஷின் ஓட்டும் கடைசல்காரர் கத்துவார். பட்டறையே சிரிக்கும். வந்தவரும் சேர்ந்து சிரிப்பார்.

"உங்களுக்கெல்லாம் வெளிச்சம் போட்டுட்டுத்தானய்யா வர்றேன்" என்பார்.

வெல்டிங்கில் அவர் கை நல்ல கை. இரண்டு தகட்டைச் சேர்த்து நெருப்பை ஓட்டினாரானால் வரிவரியாக, ஒரே அளவாக நிற்கும். தேய்த்துச் சமன் செய்ய மேடுபள்ளமே இருக்காது; தேய்ப்பு மிஷினைப் பிடித்துக்கொண்டு நான் சும்மா நிற்க வேண்டியதுதான். நீ எதுக்கப்பா சம்பளம் வாங்குறேன்னு முதலாளி என்னைத்தான் கேட்பார்.

அவர் கும்பிடுவதும் பெரிய சடங்கொன்றும் இல்லை. குளித்த ஈரத்தோடு மொட்டைமாடிக்குப் போவார். செம்புத் தண்ணீரை நெஞ்சுக்கு மேலே தூக்கி மெல்லியதாக ஊற்றுவார். கீழ்வீட்டுக்காரி துணி நனைகிறதென்று சண்டை பிடித்த பிறகு, காலி பெயிண்ட் வாளி ஒன்றைக் கீழே வைத்துக்கொண்டார். சூரியன் சிவப்பாக எழும்பும்போது ஒரே ஒரு பார்வை. அப்புறம் கண்ணை மூடிக்கொள்வார். அவ்வளவுதான் அவர் பக்தி. அதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை.

என் தங்கை கதவு நிலையில் இடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். "கதவுக்கும் உனக்கும் என்னம்மா வாய்க்கால் தகராறு?" என்று நானே கேலி செய்திருக்கிறேன். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியை மேடையின் ஓரத்தில் வைத்து, அது காலில் கவிழ்ந்த பிறகுதான் டாக்டரிடம் கூட்டிப்போனோம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறிக்கிடக்கிறது என்றார். போன பார்வை போனதுதான், மிச்சத்தைச் சொட்டு மருந்து விட்டுக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார்.

"குழாய் வழியா பாக்குற மாதிரி இருக்குண்ணே" என்றாள் தங்கை. "நேரா இருக்கிறது தெரியுது. பக்கத்துல ஒண்ணுமே இல்ல."

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மாப்பிள்ளை சொன்னார்.

"கண்ணுக்கு உடையவரே அவர்தான் மச்சான். இத்தன வருஷமா ஒண்ணும் கேட்டதில்ல. இப்பக் கேக்கப் போறேன்."

மறுநாள் காலை நான் அவர்கள் வீட்டு மாடிக்குப் போனபோது, சூரியன் எதிர்க் கட்டிடத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஏறி வெள்ளையாகியிருந்தது. மனுஷன் கண்ணைக் கொட்டாமல் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். கன்னத்தில் தண்ணீர் ஒழுகுகிறது.

"மாப்ளே, கிறுக்குப் புடிச்சிடுச்சா? பட்டறைக் கறுப்புக் கண்ணாடியையாவது மாட்டிக்கிட்டுப் பாருங்க."

"கேக்குறவன் மூஞ்சிய மறைச்சுக்கிட்டா கேக்குறது?" என்றார்.

வெல்டிங் வெளிச்சத்தைக் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் அரை நொடி பார்க்கமாட்டார். பக்கத்தில் யாராவது பார்த்தால் செவிட்டில் அறைவார். அது நெருப்பு, கண்ணைத் தின்றுவிடும் என்று அவருக்குத் தெரியும். இது அவருக்கு நெருப்பு இல்லை, சாமி. சாமி சுடும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நானும் சண்டை போட்டுப் பார்த்தேன். தினமும் போனார்.

ஒரு இரும்பு வாசல் கேட் வேலையில்தான் குட்டு உடைந்தது. தகடு சேரும் கோடு ஓரிடத்தில் இருக்க, பற்றவைத்த வரி அதைவிட்டு விலகித் தனியாக ஓடியிருந்தது.

"என்னய்யா ஞாயிறு, கோடு இங்க இருக்கு, நீ எங்கேயோ சவாரி போயிருக்க?" என்றார் முதலாளி.

அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை குனிந்து தேடினார். தலையைச் சாய்த்துச் சாய்த்துத் தேடினார். அப்புறம் விரலால் தடவினார்.

டாக்டர் பார்த்துவிட்டு, பார்வையின் நடுப்பகுதி வெந்துவிட்டது, இனித் திரும்பாது என்றார். "வெல்டிங்கா?" என்று கேட்டார்.

"இல்ல சார், சூரிய நமஸ்காரம்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

மாப்பிள்ளைக்குப் பக்கவாட்டில் இருப்பது தெரியும், நேராகப் பார்ப்பது தெரியாது. அவர் எதைப் பார்க்கிறாரோ அதுதான் மறைந்துபோகும்.

தங்கை பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை. கத்தினாள்.

"எனக்குக் கண்ணு கேக்கப் போயி உங்க கண்ணையும் குடுத்துட்டு வந்திருக்கீங்களே! யாரு கேட்டா உங்கள?"

"விடு புள்ள" என்றார். "உனக்கு நடுவுல தெரியும், எனக்கு ஓரத்துல தெரியும். ரெண்டு பேரும் சேந்தா ஒரு முழு ஆளு."

கொஞ்ச காலம் அப்படித்தான் ஓட்டினார்கள். அவள் பஸ் நம்பர் பார்ப்பாள், பக்கவாட்டில் வண்டி வந்தால் அவர் அவள் கையைப் பிடித்து இழுப்பார். கடைசல்காரர் தன் காப்பியில் பாதியை மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுப் போவார். முதலாளி அவரை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. வெல்டிங் ராடு பிடித்த கையில் குப்பை வாளியைக் கொடுத்தார். துண்டு இரும்பைப் பொறுக்கிக் குவிக்கும் வேலை.

மழைக்காலம் முடிவதற்குள் தங்கையின் மிச்சப் பார்வையும் போய்விட்டது. ஒரு வேளைகூடத் தவறாமல் மருந்து விட்டோம். கேட்கவில்லை.

இனி மாடிக்குப் போகமாட்டார் என்றுதான் நினைத்தேன். போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். இருவரும் மாடியில் இருந்தார்கள். அவர் தோளில் அவள் கை. அவர் கண்ணை மூடிக்கொண்டு தண்ணீர் ஊற்றினார். பாதி வாளிக்கு வெளியே போனது.

"இன்னும் என்னத்தங்க கேக்குறீங்க அவர்கிட்ட?" என்றாள் தங்கை.

"ஒண்ணும் கேக்கல. நீ எப்படி இருக்கேன்னு விசாரிச்சுக்குறேன். எனக்குத்தான் உன் மூஞ்சி தெரியல. அவருக்குத் தெரியுமில்ல."

அவள் சூடு எந்தப் பக்கம் படுகிறதென்று பார்த்து, அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக் காட்டினாள்.

"மெலிஞ்சுட்டேனான்னு கேளுங்க."

"இல்லேன்னுதான் சொல்றாரு" என்றார்.

பாதி ஆளாகிப் போயிருந்தாள் என் தங்கை.