நேசமலரின் குரலுக்குப் பதிலாக வந்த குரல்

பாட்டுக் கேட்கும் மெலோரா மென்பொருளுக்கு மாசி மாதம் புது அப்டேட் ஒன்று வந்தது, பாட்டுகளை இணையத்தில் சேமித்து வைக்கும் கிளவுட் வசதியோடு. அதற்குக் கீழே ஆட்கள் கொட்டிய கோபத்தை ஒன்றுவிடாமல் வாசித்தேன். அந்த மென்பொருள் எனக்கு அவ்வளவு பிடிக்கும்! பொத்தான் இடம் மாறிவிட்டதாம். நிறம் கண்ணைக் குத்துகிறதாம். கிளவுட் வேண்டுமென்று யார் அழுதது என்று ஒருவர் திட்டியிருந்தார். இவற்றுக்கு நடுவில் தமிழில் ஒரே ஒரு வரி.

"தயவுசெய்து என் மனைவியின் குரலைத் திருப்பித் தாருங்கள். இரத்தினசிங்கம், வெள்ளவத்தை."

அதற்கும் யாரோ சிரிப்பு முகம் போட்டிருந்தார். இன்னொருவர், "அங்கிள், அன்ரியை ஒருக்கா ஓஃப் பண்ணி ஓன் பண்ணிப் பாருங்கோ" என்று எழுதியிருந்தார்.

நானும் வெள்ளவத்தைதான். உடனே அவருக்கு எழுதினேன். அடுத்த நாள் அவர் வீட்டு வாசலில் நின்றேன்.

இரத்தினசிங்கம் அங்கிள் காலி வீதியில் ஒரு மருந்துக்கடையில் வாழ்நாள் முழுக்க வேலை செய்தவர். டொக்டர்மாரின் கோழிக் கிறுக்கலை வாசித்து வாசித்தே கண் கெட்டது என்பார். வீடு கடற்கரைப் பக்கம். ரயில் போனால் கதவுக் கண்ணாடி நடுங்கும். மனைவி நேசமலர் அன்ரி. அவர் மேடை ஏறியவர் இல்லை. தனக்குப் பிடித்த ஒரு பாடகியின் பழைய சினிமாப் பாட்டுகளை, சமைக்கும்போது குசினிக்குள் மட்டும் பாடுவார். விருந்தாளி வந்தால் வாயே திறக்கமாட்டார்.

ஓய்வு பெற்ற பிறகு அங்கிளுக்கு ஒரு வேலை கிடைத்தது. அன்ரி சமைக்கும்போது அரிசி வாளியின் மேல் போனை வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல் வெளியே வந்துவிடுவார். அப்படிச் சேர்ந்த பாட்டுகளை லப்டொப்பில் ஏற்றி, மெலோராவில் அடுக்கினார். ரயில் சத்தம், தாளிக்கிற சத்தம், நடுவில் அன்ரியின் "உப்புப் போட்டனானோ?" எல்லாம் அவற்றில் இருந்தன.

பாடியவர் என்ற இடத்தில் முதலில் நேசமலர் என்றுதான் போட்டிருந்தார். அன்ரி அதைப் பார்த்துவிட்டார்.

"விசரே உங்களுக்கு? படத்தில அந்த மனுசி பாடின பாட்டுக்கு என்ர பேரோ? ஆரும் பாத்தா காறித் துப்புவினம்."

"ஆர் பாக்கப்போகினம்? எங்கட வீட்டுப் பெட்டிதானே."

"பெட்டியெண்டாலும் மரியாதை மரியாதைதான். மாத்துங்கோ. ஒருத்தருக்கும் அனுப்பவும் கூடாது, சொல்லிப்போட்டன்."

அவர் மாற்றினார். ஒவ்வொரு பாட்டுக்கும் அந்த உண்மையான பாடகியின் பெயரைப் போட்டார். படத்தின் பெயர், அட்டைப்படம்கூடத் தேடிப் பிடித்தார். மருந்து லேபல் ஒட்டுகிற கை, ஓர் எழுத்தும் பிசகவில்லை.

அதன் பிறகு அன்ரிக்குத் தொண்டையில் கட்டி வந்தது. சத்திரசிகிச்சையில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் ஒரு துவாரம். அதன் வழியாகத்தான் மூச்சு. சொல்ல வேண்டியதைப் போனில் எழுதிக் காட்டுவார். பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது மட்டும், "போடுங்கோ" என்று கையால் காட்டுவார். அங்கிள் பொத்தானைத் தட்ட, நேசமலர் பாடுவார். இருவரும் கேட்பார்கள்.

அப்டேட் வந்த அன்று திரையில் ஒரு கேள்வி: உங்கள் பாட்டுகளைக் கிளவுட்டில் பாதுகாப்பாக, இன்னும் நல்ல தரத்தில் வைக்கவா? பாதுகாப்பு என்றதும் அங்கிள் சந்தோசமாக ஓம் என்று தட்டினார். லப்டொப் பழுதானாலும் அவள் குரல் தப்பும் என்று நினைத்தார்.

அன்றைய பின்னேரம் பாட்டைப் போட்டார். வயலின்கள் வந்தன.

"நான்தான் மாறித் தட்டிப்போட்டன் எண்டு நினைச்சன், பிள்ளை," என்றார். "அடுத்ததைப் போட்டன். அதிலயும் வாத்தியம். இவ கோப்பையை வைச்சிட்டா. நான் பைத்தியக்காரன்மாதிரி ஒவ்வொண்டாத் தட்டுறன். எல்லாத்திலயும் அந்தப் பாடகிதான் பாடுது. ரயில் இல்லை. இவ இல்லை."

அவரையும் லப்டொப்பையும் பம்பலப்பிட்டியில் கொம்பியூட்டர் திருத்துகிற சப்ரியிடம் கூட்டிக்கொண்டு போனேன். எப்படியும் எடுக்கலாம் என்று நான் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். சப்ரி வெகுநேரம் தேடிவிட்டுக் கதிரையில் சாய்ந்தார்.

"அங்கிள், ஒங்கட ஃபைல் ஒண்டும் மிச்சமில்ல. இந்த மாதிரி டிஸ்க்ல அழிஞ்சா அழிஞ்சதுதான்."

"அப்ப கிளவுட்டில இருக்குமே, தம்பி?"

"அங்க ஈக்கிறது அந்தப் பாடகிட ஒரிஜினல். ஒங்கடத அது ஏத்தவே இல்ல. பாடினவட பேர மட்டும் பாத்திச்சி. இதே பாட்டு நம்மள்ட்ட கிளியரா ஈக்கி, இது என்னத்துக்கு எடத்தப் பிடிக்கிதுண்டு ஒங்கடத அழிச்சிட்டிது."

"ரயில் சத்தம் கேக்குமே அதில! அவ உப்புக் கேக்கிறா! விளங்கேல்லையோ அதுக்கு?"

"காது குடுத்துக் கேட்டாத்தானே, அங்கிள்?"

"நான் பேரெல்லாம் ஒழுங்காத்தானே போட்டனான்..."

சப்ரி என்னைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "ஒழுங்கா இல்லாட்டித் தப்பியிருக்கும்."

போன்? இடம் போதவில்லை என்று அதிலிருந்ததை அங்கிளே எப்போதோ அழித்துவிட்டார். அன்ரி சொன்னபடி ஒருவருக்கும் அனுப்பவும் இல்லை. மெலோராக்காரருக்கு நான் எழுதிய நீண்ட கடிதத்துக்கு உடனே பதில் வந்தது, இயந்திரப் பதில். உங்கள் பாட்டுகள் இப்போது உயர்ந்த தரத்தில் கிடைப்பதை அனுபவியுங்கள் என்று இருந்தது. பஸ்ஸுக்குள் இருந்து அதை வாசித்து நான் அழுதேன்.

பங்குனியில் இன்னோர் அப்டேட் வந்தது. அத்தனை பேர் கத்தியதால் பொத்தானைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள். கீழே ஒரே கொண்டாட்டம், கைதட்டல், இதயங்கள். மாற்றங்களின் விவரம் முழுவதையும் தேடினேன். அழிந்த பாட்டுகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இதைப் போனில் சொல்ல மனம் வரவில்லை; நேரே போனேன்.

"எங்களைப் பற்றி ஒண்டும் எழுதேல்லையோ?" என்றார் அங்கிள்.

"இல்லை, அங்கிள்."

"சரி. பொத்தானெண்டாலும் வந்திட்டுதுதானே." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

அன்ரி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். எங்கள் முகங்களைப் பார்த்தார். லப்டொப்பைக் கையால் காட்டவில்லை. போனை எடுத்து எதையோ எழுதினார், அழித்தார், திரும்பவும் எழுதி, அங்கிளின் முன் பிடித்தார். திரை எனக்கும் தெரிந்தது.

"என்ர குரல் எப்பிடி இருந்தது? நீங்கள் சொல்லுங்கோ."

அங்கிள் வாயைத் திறந்தார். "அது... உன்ர குரல் வந்து..." கை காற்றில் எதையோ பிடிக்கப் போய்த் திரும்பி வந்தது. "கொஞ்சம் கட்டையா... இல்லை, கட்டையெண்டு சொல்லேலாது..." கண்ணை இறுக்கி மூடினார். உள்ளே கேட்கப் பார்க்கிறார் என்று எனக்கு விளங்கியது. கேட்டது என்னவோ, நெற்றி சுருங்கியது.

"அந்தப் பாடகிதான் வருகுது," என்றார்.

அன்ரி போனைப் பிடித்தபடியே நின்றார்.

"நல்லா இருந்தது, நேசம்," என்றார் அவர். "நல்லா இருந்தது."

அன்ரி கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, எனக்குச் சீனி போதுமா என்று விரலால் கேட்டார்.