பல் தடம் பதிந்த ஈயமணி

என்னிடம் ஓர் ஈயமணி இருக்கிறது. வலை தண்ணீருக்குள் அமிழ்வதற்காகக் கோர்க்கிற மணிதான். அதில் சின்னச் சின்னப் பல் தடங்கள் பதிந்திருக்கின்றன. என் மகளுடையவை. இதை வார்த்தவர் என் மூத்தார், அதாவது வீட்டுக்காரரின் அண்ணன். அவரை நல்ல மனுஷன் என்று எங்கள் கருக்களாச்சேரிக் குப்பமே சொல்லும். நான் சொல்ல மாட்டேன்.

எழுபதுகளில் மணி வார்க்கப் பழைய பேட்டரியின் ஈயத் தகடுகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து எங்கள் கொல்லையில்தான் உருக்குவார். புகை வீட்டுக்குள் வரும். சாம்பல் தரையெல்லாம் படியும். பிள்ளை அதில்தான் தவழ்ந்தாள். அவளுக்குப் பல் முளைத்தபோது மணியொன்றைக் கறுப்புக் கயிற்றில் கோர்த்துக் கழுத்தில் கட்டிவிட்டார். "கடிக்கட்டும் புள்ள, ஈறுக்கு நல்லது" என்றார்.

மூன்று வயதில் ஓயாத வயிற்றுவலி. சோறு இறங்காது. வந்திருந்த பேச்சும் குறைந்தது. "பெத்தவ பட்டினி போடுறா" என்று மூத்தார் தெருவில் சொல்லித் திரிந்தார். ஒருநாள் வலிப்பு வந்து, காரைக்கால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டரம்மா பிள்ளையின் உதட்டை விலக்கிப் பார்த்தார். ஈறின் ஓரத்தில் நீலக்கோடு. கழுத்து மணியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "இது விஷம்மா. ஒங்க தெருவுல எத்தன வீட்ல இத உருக்குறாங்க?"

"எல்லா வீட்லயுந்தாங்க."

அவர் முகம் மாறிவிட்டது. "அப்ப எல்லாப் புள்ளைங்களையும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க."

வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். மூத்தார் சிரித்தார். "எங்கப்பன் காலத்துலேருந்து உருக்குறோம், நாங்க என்ன செத்தா போயிட்டோம்? ஒருநா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்து டாக்டராயிட்டா பாருங்கய்யா!" தெருவே சிரித்தது. ஒருத்தியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. கொல்லை அடுப்பை நானே மண்ணள்ளிப் போட்டு மூடினேன். அவர் நாலு வீடு தள்ளிப் போய் உருக்கினார். அங்கேயும் பிள்ளைகள் தவழ்ந்தன.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். மகளை டீச்சராக்க நினைத்திருந்தேன். அவளுக்கு எழுத்துக் கூட்டவே வரவில்லை. உயிர் தங்கியது, அவ்வளவுதான். தலை நரைத்துவிட்ட அவளுக்கு இன்றைக்கும் நான்தான் தலை வாரி, ரவிக்கைக்குக் கொக்கி மாட்டுகிறேன்.

போன மாதம், படுக்கையில் கிடந்த மூத்தார் ஆளனுப்பினார். மகளையும் அழைத்துக்கொண்டு போனேன்.

"பழச மனசுல வச்சிக்காத புள்ள" என்றார்.

முந்தானை முடிச்சை அவிழ்த்து மணியை அவர் உள்ளங்கையில் வைத்தேன். "ஈறுக்கு நல்லதுன்னீங்களே மாமா, கடிங்க."

பல்லில்லாத வாயையும் கண்ணையும் இறுக்க மூடிக்கொண்டார். மணியை எடுத்துத் திரும்பினேன். வாசலில் நின்ற மகள் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி கையை நீட்டினாள்.

"எனக்கும்மா."

விரல்களை மடக்கி மணியை மூடிக்கொண்டேன்.