கோமதி அக்கா எழுதாத வரவேற்பு மெயில்

கோமதி அக்கா போய்விட்டார். இன்று அதிகாலை, பேட்டையில் அவர் வீட்டில். மாரடைப்பு.

எங்கள் முதலாளி அதற்குள் அஞ்சலிப் பதிவு போட்டுவிட்டார். 'தன் புன்னகையால் எண்ணற்ற வாடிக்கையாளர்களின் இதயங்களைத் தொட்டவர்' என்று எழுதியிருக்கிறார்... எழுதவில்லை, ஏஐ எழுதியதை ஒட்டியிருக்கிறார்.

வாடிக்கையாளர் யாரும் அக்காவின் முகத்தையே பார்த்ததில்லை. ஒரே ஒருவரைத் தவிர.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சர்க்கரை நோயாளிகளுக்கான மெத்தென்ற செருப்பை ஆன்லைனில் விற்கும் சின்ன நிறுவனம் எங்களுடையது. டவுணில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் மூன்றே பேர். முதலாளியான அண்ணாச்சி, வெப்சைட் பார்க்கும் நான், வாடிக்கையாளர்களுக்கு மெயிலும் போனும் பார்த்த கோமதி அக்கா.

புதிதாக ஆர்டர் போடும் ஒவ்வொருவருக்கும் அக்கா ஒரு வரவேற்பு மெயில் அனுப்புவார். ஒரு வரி நன்றி. பிறகு நேராக விஷயம்.

'முதல் மூன்று நாள் வீட்டுக்குள் அரை மணி நேரம் மட்டும் போடுங்கள். கழற்றியதும் பாதத்தைப் பாருங்கள். சிவந்திருந்தால் போடாதீர்கள், எனக்கு போன் செய்யுங்கள்.'

அக்காவின் கணவருக்குச் சர்க்கரையால் காலில் உணர்ச்சி கிடையாது. புதுச் செருப்பு கடித்ததே தெரியாமல் ஒரு விரலை இழந்தவர்.

"செருப்பு வாங்குனவன்ட்ட போடாதங்கியே... யாவாரம் விளங்குமா?" என்பார் அண்ணாச்சி.

"காலு இருந்தாத்தான அண்ணாச்சி அடுத்த செருப்பு வாங்குவாவ?" என்பார் அக்கா.

போன வருடம் அண்ணாச்சி ஏதோ ஒருநாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். வந்ததும் வரவேற்பு மெயிலை இனி ஏஐ எழுதும் என்றார். பத்து செகண்டில் வந்துவிட்டது.

'எங்கள் குடும்பத்திற்கு அன்புடன் வரவேற்கிறோம்! இனி உங்கள் ஒவ்வொரு அடியும் மேகத்தின் மேல்... நாள் முழுவதும் கவலையின்றி நடந்து மகிழுங்கள்!' கீழே, 'அன்புடன், கோமதி'.

அக்கா இரண்டு தடவை படித்தார். "ஏட்டி செல்வி, மூணு நாள் சமாச்சாரம் எங்க?"

நான் அதைச் சேர்த்தேன். அண்ணாச்சி எடுக்கச் சொன்னார். வரவேற்பு பாசிட்டிவாக இருக்க வேண்டுமாம்.

"அப்பம் என் பேரையும் எடுத்துருங்க."

"பேரு இருந்தாத்தாம்மா மனுச எழுதுன மாதிரி இருக்கும்."

சேவ் பட்டனை அமுக்கியது நான். அண்ணாச்சியை மட்டும் திட்டிவிட்டு நான் தப்பிக்க முடியாது.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு போன். அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு பெண். அவள் அப்பா ரிட்டயர்டு பஸ் டிரைவர். மெயிலை நம்பி, செருப்பு வந்த அன்றே காலையிலிருந்து சாயங்காலம் வரை போட்டு நடந்திருக்கிறார். வார் அறுத்தது அவருக்குத் தெரியவே இல்லை. புண் முற்றி, இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

ஸ்பீக்கரில் கேட்டது. "கோமதிங்கது யாரு?"

"நாந்தாம்மா."

"நாள் முழுக்க நடக்கச் சொல்லி எழுதுனது நீங்கதானா?"

எதிர்மேஜையில் அண்ணாச்சி, எதுவும் சொல்லாதே என்று கையை ஆட்டினார். அக்கா அவரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நான் எழுதல. ஆனா என் பேருலதான் வந்துருக்கு. எந்த ஆஸ்பத்திரிம்மா?"

போனை வைத்ததும் அண்ணாச்சி எழுந்துவிட்டார். "அங்கன போகாத. போனா நம்ம தப்புன்னு ஆயிரும்."

"தப்பில்லாம பின்ன என்னது?"

நானும் கூடப் போனேன். பெரியவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் அக்காவைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"நீங்கதானாம்மா... யாரோ பெத்த பிள்ள இம்புட்டு அன்பா எழுதிருக்கேன்னு மூணு மட்டம் வாசிச்சேன்."

அக்கா போர்வையை விலக்கி அவருடைய இன்னொரு காலைப் பார்த்தார். விரல் இடுக்கையெல்லாம் தினமும் எப்படிப் பார்க்க வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்குக் காட்டினார்.

நான் வாசலோடு நின்றேன். மெயிலைப் போட்டது நான்தான் என்று அன்று சொல்லவில்லை. இதை அந்தக் குடும்பமும் படிக்கட்டும்.

மறுநாள் அந்த மூன்று வரிகளைத் திரும்பப் போடச் சொல்லி அக்கா கேட்டார். அண்ணாச்சி மெயிலின் அடியில் 'விதிமுறைகள்' என்று பொடி எழுத்தில் ஒரு லிங்க் வைத்தார். அக்கா பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். திரும்பி வரவே இல்லை.

ஆனால் அந்த மெயில் யார் யாருக்குப் போனதோ, அந்தப் பட்டியலை என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். வீட்டிலிருந்தே ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். "நான் கோமதி பேசுதேன்... கால பாத்தியளா?"

திட்டினவர்கள் உண்டு. விற்பதற்காகக் கூப்பிடுகிறார் என்று கட் செய்தவர்களும் உண்டு. மறுபடி கூப்பிட்டார். பட்டியல் முடியும் வரை விடவில்லை.

விஷயம் தெரிந்து, டேட்டாவைத் திருடியதாக போலீசுக்குப் போவேன் என்றார் அண்ணாச்சி. இன்று அதே அக்காவுக்குக் 'கண்ணீர் அஞ்சலி'.

இன்று காலை ஒன்பது மணிக்கும் இரண்டு புது வாடிக்கையாளர்களுக்கு மெயில் போனது. அன்புடன், கோமதி... அக்கா ஐஸ் பெட்டிக்குள் இருக்கிறார்.

அந்த மெயிலை அழித்துவிட்டேன். அந்த இரண்டு பேருக்கும் போன் செய்து சொல்லிவிட்டேன். அண்ணாச்சி, இதையும் போலீசில் சொல்லிக்கொள்ளுங்கள்.

மதியம் மூன்று மணிக்கு எடுக்கிறார்கள். நீங்கள் மாலையோடு அந்தத் தெருவுக்குள் வராதீர்கள், அண்ணாச்சி. வந்தால் எல்லார் முன்னாலும் கேட்பேன்.

அக்கா... இதோ கிளம்பிவிட்டேன். வந்துகொண்டிருக்கிறேன்.