வெந்தயம் முளைத்த பை

முதல் கூட்டத்துக்கு எங்கள் கல்லூரிச் சமூகப்பணித் துறை மேடம் வந்திருந்தார். பிள்ளைப்பாக்கம் மகளிர் குழுத் தலைவியும், மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்து தேறிய இரண்டு பெண்களும் இருந்தார்கள். மாணவன் என்று நான் ஒருவன். மூன்றாவதாகத் தேறியவர், மண்ணூர் அக்கா, வரவில்லை.

இவர்களுக்காகக் கல்லூரியும் குழுவும் சேர்ந்து மாதாமாதம் நடத்த நினைத்த கூட்டம் அது. இடம், தலைவி வாடகைக்கு விட்டிருந்த அறை. குடியிருந்த திருநெல்வேலிப் பையன்கள் ஷிஃப்டுக்குப் போயிருந்தார்கள். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். சும்மா விடுவேனா? தலைவியை அழைத்துக்கொண்டு மண்ணூருக்கே போய்விட்டேன்.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. "ஆவணில பொண்ணுக்குக் கல்யாணம். ஒரு பக்கம் தட்டையா கீது. நான் மேடை ஏறமாட்டேன். தாரை வார்க்க எங்க ஓரகத்தி நிக்கட்டும்."

கடையில் விற்கும் செயற்கை மார்பகம் எங்களுக்கு எட்டாத விலை. மேடம் தெரிந்த மருத்துவரிடம் கேட்டு வந்தார்: பருத்தித் துணியில் பை தைக்கலாம், பஞ்சு மட்டும் என்றால் மேலேறிவிடும், உள்ளே கொஞ்சம் கனம் வேண்டும். தைப்பது குழுவின் வேலை.

"தம்பி, நீ அந்தாண்ட திரும்பிக் குந்து" என்றுவிட்டு, இரண்டாம் கூட்டத்துக்கு வந்த அக்காவுக்கு அளவெடுத்தார்கள். கனத்துக்கு எதைப் போடுவது?

"வெந்தயம் போடும்மா. உடம்புக்குக் குளிர்ச்சி" என்றார் தலைவி. எல்லோருக்கும் சரியென்றே பட்டது, மேடத்துக்கும்தான்.

அடுத்த மாதம் அக்கா வந்ததும் பையை நடுவில் போட்டார். தையல் இடுக்கில் வெள்ளை முளைகள் எட்டிப் பார்த்தன.

"தொவைச்சுக் காயப்போட்டேன். இன்னா இது, கீரை ஆயலாமா?"

"நாத்து நட்டுக்கினே கல்யாணத்துக்குப் போயேன், சீர் வரிசைல சேர்த்துக்கலாம்" என்றார் இன்னொரு பெண். மேடம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அக்காவும் சிரித்தார். அவர் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

இரண்டாவது பையில் இலவம்பஞ்சு, அதற்கு நடுவே கண்ணாடி மணிகள். துவைத்தாலும் ஒன்றும் ஆகவில்லை.

ஆவணியில் அக்கா பட்டுப் புடவையில் மேடையேறி, கணவரோடு நின்று தாரை வார்த்தார். முந்தானை நேராக விழுந்திருந்தது. ஓரகத்தி கீழே உட்கார்ந்து பந்திக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்.

துணி, பஞ்சு, மணி, நூல் எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆன செலவு அறுபத்திரண்டு ரூபாய்.